காலி அரங்கைப் பார்த்துத் திருமண இடத்தை முடிவு செய்யாதீர்கள்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 350 பேர் வருவார்கள். மாலையில் சடங்கு, அதன் பிறகு விருந்து, கடைசியில் கொஞ்சம் இசையும் ஆட்டமும். மூன்று இடங்களைப் பார்த்திருக்கிறீர்கள்: குளிரூட்டிய அரங்கு ஒன்று, புல்வெளித் தோட்டம் ஒன்று, பழைய மாளிகையின் மாடிக் கூடம் ஒன்று. மூன்று இடத்திலும் "500 பேர் தாராளமாகக் கொள்ளும்" என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்றுமே பிடித்திருக்கிறது, எதை வைத்து முடிவு செய்வது என்று கேட்கிறீர்கள்.

நான் அரங்குகளை நிகழ்ச்சிக்குத் தயார் செய்யும் வேலையில் இருக்கிறேன். இந்த வேலையில் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றுதான். நீங்கள் மூன்று இடங்களையும் பார்த்தபோது அவை காலியாக இருந்தன. உங்கள் திருமணம் நடக்கும்போது அவை நிரம்பியிருக்கும். இடவசதி, சூடு, ஓசை, காற்று, வாசல், கழிப்பறை என்று வந்தவர்களின் நிம்மதியைத் தீர்மானிக்கிற ஒவ்வொன்றும் ஆள் நிரம்பியதும் வேறாகிவிடும். மாறாமல் இருப்பது சுவரின் அழகும் சரவிளக்கும்தான். ஆனால் முன்பணம் கொடுக்கும் நேரத்தில் நம் கண்ணில் நிற்பது அவை இரண்டும்தான். ஆகவே ஒவ்வொரு இடத்தையும் மனதுக்குள் 350 பேரால் நிரப்பிப் பாருங்கள். அதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும், அதைக் கீழே போட்டுக் காட்டுகிறேன்.

முதலில் அந்த "500 பேர்". அது பொய்யான எண்ணாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் எப்படி 500 என்று கேட்காதவரை அதற்குப் பொருள் இல்லை. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் கட்டட விதிகள் ஓர் அரங்கில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதை இப்படிக் கணக்கிடுகின்றன: நின்றுகொண்டிருப்பவருக்கு 5 சதுர அடி, நாற்காலி மட்டும் வரிசையாகப் போட்டால் ஆளுக்கு 7 சதுர அடி, மேசையும் நாற்காலியும் போட்டால் ஆளுக்கு 15 சதுர அடி. 3,500 சதுர அடி அரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நின்றால் 700 பேர். நாற்காலி வரிசையில் 500 பேர். மேசை போட்டு உட்கார வைத்தால் 233 பேர். அதே அரங்கு, அதே சுவர்கள். உங்களிடம் 500 என்று சொன்னவர் நடு எண்ணைச் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு வேண்டியதோ கடைசி எண்.

15 சதுர அடி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் நீங்களே எந்த இடத்தையும் கணக்கிடலாம். 5 அடி விட்டமுள்ள வட்ட மேசையைச் சுற்றி 8 பேர் வசதியாக உட்காரலாம். நாற்காலியை இழுத்து உட்காரவும் பின்னால் ஒருவர் கடந்து போகவும் இடம் விட்டால் ஒரு மேசைக்கு ஏறத்தாழ 10 அடிக்கு 10 அடி ஆகும். அதாவது 100 சதுர அடிக்கு 8 பேர். இதோடு பரிமாறுபவர்கள் நடக்கும் பெரிய வழியைச் சேர்த்தால் ஆளுக்கு 15 ஆகிவிடும். 350 பேர் ஒரே நேரத்தில் மேசையில் உட்கார்ந்து சாப்பிட 5,250 சதுர அடி. மேடை, ஆடும் இடம், இசைக்குழு, உணவு மேசைகள் எல்லாம் இதற்கு மேல். தூண் இருந்தால் தூணைச் சுற்றியுள்ள இடமும் வீண், தூணுக்குப் பின்னால் உட்காருபவருக்கு மேடையும் தெரியாது. அடுத்த முறை போகும்போது அளவு நாடா கொண்டுபோங்கள். கட்டம் போட்ட தாளில் அரங்கை வரைந்து மேசைகளை வட்டங்களாக வெட்டி வைத்துப் பாருங்கள். ஒரு மாலை நேரத்து வேலைதான், பல சந்தேகங்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

சடங்கும் விருந்தும் ஒரே கூடத்தில் என்றால் இன்னொரு கேள்வி இருக்கிறது. இதை யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். சடங்கு முடிந்ததும் நாற்காலி வரிசைகளை எடுத்துவிட்டு 44 மேசைகளைப் போட்டு விரிக்க வேண்டும். அந்த நேரம் முழுவதும் 350 பேர் எங்கே இருப்பார்கள்? முன்கூடம் போதுமா, அங்கே உட்கார இடம் உண்டா, குடிக்கத் தண்ணீர் உண்டா? மாற்றிப்போட எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்வோம்" என்று பதில் வந்தால் அந்த வேலையை அவர்கள் இதுவரை யோசிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். சடங்குக்கும் விருந்துக்கும் தனித்தனி இடம் உள்ள சிறிய அரங்கு, ஒரே பெரிய கூடத்தைவிட எனக்கு எப்போதும் மேலாகவே தெரிகிறது.

வரிசையில் நின்று எடுத்துக்கொள்ளும் விருந்து என்றால் வரிசைக்கும் கணக்கு உண்டு. 20 விநாடிக்கு ஒருவர் நகர்ந்தாலும் ஒரே வரிசையில் 350 பேர் முடிக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். நான்கு வரிசை போட்டால் அரை மணி. அந்த நான்கு வரிசையும், அவற்றில் நிற்கும் ஆட்களும், தட்டோடு திரும்பி வருபவர்களும் ஒருவரோடு ஒருவர் மோதாமல் போக அந்தக் கூடத்தில் இடம் இருக்கிறதா என்பதையும் அதே கட்டத்தாளில் பார்த்துவிடலாம்.

அடுத்து சூடு. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. 350 பேர் என்றால் 35,000 வாட். அந்தக் கூடத்துக்குள் 1,000 வாட் ஹீட்டர்கள் 35 ஓடுவதற்கு அது சமம். ஏசியின் ஒரு டன் என்பது ஏறத்தாழ 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். ஆக வந்தவர்களின் உடல் சூட்டை மட்டும் எடுக்கவே 10 டன் வேண்டும். கூரை, கண்ணாடி, விளக்கு, சூடான உணவு, வாசல் திறந்து மூடுவது எல்லாம் தனி. ஆடத் தொடங்கிவிட்டால் ஒருவரின் வெப்பம் இரண்டு மடங்கைத் தாண்டும். காலை பதினொரு மணிக்கு, நீங்கள் நான்கு பேர் மட்டும் நிற்கும்போது சில்லென்று இருந்த அரங்கு மாலை ஏழு மணிக்கு வேர்க்க வைப்பதற்கு இதுதான் காரணம். மொத்தம் எத்தனை டன் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, விளக்கும் விசிறியும் மட்டும்தானா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். பல இடங்களில் இரண்டாவதுதான் விடையாக இருக்கும். ஜெனரேட்டரின் அளவை கேவிஏ கணக்கில் சொல்வார்கள். அதை 0.8-ஆல் பெருக்கினால் எவ்வளவு கிலோவாட் சுமையைத் தாங்கும் என்று தோராயமாகத் தெரியும். 62.5 கேவிஏ என்றால் 50 கிலோவாட்.

குளிர்ச்சி வேறு, நல்ல காற்று வேறு. சுவரில் மாட்டும் சாதாரண ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திருப்பி விடுகிறது. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. கதவுகளை அடைத்த கூடத்தில் சில நூறு பேர் மூன்று மணி நேரம் மூச்சுவிட்டால் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். மந்தமும் தலைவலியும் வருவது அதனால்தான். வெளிக்காற்றை உள்ளே தள்ளும் விசிறிகள் இருக்கின்றனவா, இல்லையென்றால் மேலே திறக்கக்கூடிய சன்னல்களாவது இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஓசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இடம் தேர்ந்தெடுப்பவர்கள் இதைக் கேட்பதே இல்லை. ஆனால் வீட்டுக்குப் போகும் விருந்தினர், முக்கியமாக வயதானவர்கள், களைத்துப்போவதற்குப் பெரிய காரணம் இதுதான். 1895 வாக்கில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் சொன்னால் ஏறத்தாழ ஐந்தரை விநாடி அது சுவர்களுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்தடுத்த சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பின. அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளரிடம் வந்தது. அவர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து, எத்தனை மெத்தை வைத்தால் முழக்கம் எத்தனை விநாடி குறைகிறது என்று அளந்தார். கூடம் பெரிதானால் முழக்கம் நீளும், ஓசையை உறிஞ்சும் பொருள் கூடினால் குறையும் என்ற கணக்கு அப்படித்தான் கிடைத்தது. இன்றும் அரங்கு கட்டுபவர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இது உங்களுக்கு எப்படி உதவும்? கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். ஓசை உடனே அடங்கினால் நல்லது. நீண்டுகொண்டே போனால், பளிங்குத் தரை, கண்ணாடிச் சுவர், வெறும் சிமென்ட் கூரை என்று உறிஞ்சும் பொருளே இல்லாத கூடம் அது. மனிதர்களும் துணிகளும் ஓசையை உறிஞ்சுவதால் ஆள் நிரம்பியதும் முழக்கம் கொஞ்சம் குறையும். இந்த ஒன்றில் காலி அரங்கைவிட நிரம்பிய அரங்கு மேல். ஆனால் அதே ஆட்கள் பேசவும் செய்வார்கள். சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள் என்பதை 1911-இல் எத்தியென் லம்பார்டு என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்தார். ஒரு மேசையில் குரல் உயர்ந்தால் அடுத்த மேசையிலும் உயரும். முழங்கும் கூடத்தில் இது நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் பக்கத்தில் இருப்பவரிடமே கத்த வேண்டியிருக்கும். காது கேட்கும் கருவி அணிந்தவர்களுக்கு அது வேதனை. கூடம் மிகவும் பிடித்துப்போய், முழக்கம் மட்டும்தான் குறை என்றால் கனமான திரைகள், தரைவிரிப்பு, துணி போர்த்திய மேசைகள் ஓரளவு உதவும். அலங்காரத்துக்கு ஒதுக்கிய பணத்தின் ஒரு பங்கை அதற்குத் திருப்பலாம்.

இசையின் அளவும் இடத்தோடு சேர்ந்த விஷயம். பணியிடங்களில் 85 டெசிபல் ஓசையை நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். ஒலிபெருக்கிக்கு முன்னால் குழந்தைகளின் மேசையையோ பெரியவர்களின் மேசையையோ போடவேண்டிய கட்டாயம் உள்ள சிறிய கூடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆட்டம் ஒரு பக்கம், அமைதியாகப் பேசிக்கொண்டிருக்க இன்னொரு பக்கம் என்று பிரிக்கக்கூடிய இடமாக இருந்தால் இரு சாராருமே நெடுநேரம் இருப்பார்கள்.

இனி நான் மிகவும் முக்கியமாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். திருமண நாளில் யாரும் தீயைப் பற்றி நினைக்க விரும்புவதில்லை. அதனால்தான் இடம் பார்க்கும் நாளிலேயே நினைத்துவிட வேண்டும். 2023 செப்டம்பர் 26 அன்று இராக்கின் காரகோஷ் நகரில் ஒரு திருமண அரங்குக்குள் வாணவேடிக்கை கொளுத்தினார்கள். கூரை அலங்காரத்தில் தீ பற்றியது, எளிதில் எரியும் கட்டுமானப் பலகைகள் வழியே நிமிடங்களில் பரவியது. 100 பேருக்கும் மேல் இறந்தார்கள். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கூரைப் பந்தல் தீப்பிடித்து 50 பேருக்கும் மேல் இறந்தார்கள், மணமகனும் அவர்களில் ஒருவர். 1942 நவம்பர் 28 அன்று பாஸ்டனில் கோகோநட் குரோவ் என்ற கேளிக்கை விடுதியில் 492 பேர் இறந்தார்கள். அங்கே முன்வாசல் சுழற்கதவு கூட்ட நெரிசலில் சிக்கி நின்றுவிட்டது. மற்றக் கதவுகளில் சில பூட்டியிருந்தன, சில உள்பக்கமாகத் திறப்பவை. கூட்டம் பின்னாலிருந்து தள்ளும்போது உள்பக்கம் திறக்கும் கதவைத் திறக்கவே முடியாது. கூட்டம் சேரும் இடங்களில் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்ற விதியின் அவசியத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு இல்லை.

ஆகவே மூன்று இடங்களிலும் இதைச் செய்யுங்கள். எல்லாக் கதவுகளையும் உங்கள் கையால் திறந்து பாருங்கள். வெளிப்பக்கம் திறக்கிறதா? திறந்தால் எங்கே போகிறது? சமையல்கட்டுக்கோ பூட்டிய முற்றத்துக்கோ போனால் அது அவசர வழி ஆகாது. அமெரிக்க விதிகளின்படி 50 பேருக்கு மேல் கூடும் இடத்தில் குறைந்தது இரண்டு வெளியேறும் வழிகளும், 500-ஐத் தாண்டினால் மூன்றும் இருக்க வேண்டும். இரண்டும் அடுத்தடுத்து இருந்தால் பயனில்லை, ஒரே புகை இரண்டையும் அடைத்துவிடும். ஆபத்து நேரத்தில் மனிதர்கள் வந்த வழியாகவே திரும்ப ஓடுவார்கள். அதனால் முன்வாசல் அகலமாக இருக்க வேண்டும், மற்ற வழி எது என்பது எல்லார் கண்ணுக்கும் தெரிய வேண்டும். இங்கேதான் அலங்காரம் குறுக்கே வருகிறது. அழகுக்காகத் தொங்கவிடும் துணி, பூச்சுவர், படம் எடுக்கும் பின்புலம் எல்லாம் பெரும்பாலும் போய் நிற்பது பக்கவாட்டுக் கதவுகளின் முன்தான், அங்கே காலிச் சுவர் போலத் தெரிவதால். அலங்காரக்காரரிடம் எந்தக் கதவையும் மறைக்கக் கூடாது என்று எழுத்தில் கொடுங்கள். உள்ளே வாணவேடிக்கை, தீப்பொறி ஊற்று எதுவும் வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்துவிடுங்கள், அரங்குக்காரர் அனுமதித்தாலும்.

மாடிக் கூடத்துக்கு இன்னொரு கேள்வி கூடுதல். 2001 மே 24 அன்று ஜெருசலேமில் வெர்சாய் என்ற அரங்கில் திருமண விருந்து நடந்துகொண்டிருந்தபோது, ஆடிக்கொண்டிருந்தவர்களின் காலடித் தளம் இடிந்து கீழே போனது. 23 பேர் இறந்தார்கள். பலவீனமான தளக் கட்டுமான முறையும், பின்னாளில் கட்டடத்தில் செய்த மாற்றங்களும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. குடியிருக்கும் வீட்டின் தளத்தைச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ தாங்கும்படி வடிவமைப்பார்கள். கூட்டம் சேரும் அரங்கின் தளத்துக்கு அது ஏறத்தாழ 500 கிலோ. வீடாகக் கட்டிய மாளிகையைப் பின்னாளில் விருந்துக் கூடமாக்கியிருந்தால் அந்த இடைவெளியை யார் சரிபார்த்தார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கட்டமைப்புப் பொறியாளரின் சான்று, தீயணைப்புத் துறையின் அனுமதி, எத்தனை பேருக்கு என்ற அனுமதி எண் ஆகிய மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். முறையாக நடத்துபவர்கள் தயங்காமல் எடுத்துக் காட்டுவார்கள்.

மாடி என்றதும் லிஃப்ட் உண்டு என்பார்கள். 8 பேர் ஏறும் லிஃப்ட், போய்வர 2 நிமிடம் என்று வையுங்கள். 350 பேரை ஏற்ற 44 நடை, கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். ஆக லிஃப்ட் நடக்க முடியாதவர்களுக்கு மட்டும்தான், மற்றவர்கள் படியேறித்தான் ஆக வேண்டும். தரைத்தளத்திலும் வாசற்படியைக் கவனியுங்கள். சக்கர நாற்காலிக்கான சரிவுப்பாதை ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருக்க வேண்டும். 6 அங்குலப் படிகள் மூன்று இருந்தால் 18 அடி நீளம் தேவை. பலகையைச் செங்குத்தாகச் சாய்த்து வைத்து "ரேம்ப் இருக்கிறது" என்று காட்டும் இடங்கள் உண்டு, அதில் ஆளை உட்கார வைத்துத் தள்ளுவது ஆபத்து. கதவின் உள் அகலம் 32 அங்குலமாவது இருக்கிறதா, கழிப்பறைக் கதவும் அப்படியே இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். உங்கள் விருந்தினரில் நடக்க மிகவும் சிரமப்படுபவர் யாரோ, அவரை மனதில் வைத்து வண்டியிலிருந்து இறங்குமிடம் தொடங்கி மேடை, விருந்து மேசை, கழிப்பறை வரை ஒருமுறை நடந்து பாருங்கள். முடிந்தால் அவரையே அழைத்துப்போங்கள்.

கழிப்பறைகளைக் கூச்சப்படாமல் எண்ணுங்கள். வருபவர்களில் பாதிப் பேர் பெண்கள் என்றால் 175 பேர். பெண்கள் பகுதியில் நான்கு இருந்து, ஒருவருக்கு 3 நிமிடம் ஆனால், விருந்துக்கு முந்தைய அரை மணியில் 40 பேர்தான் போய்வர முடியும். இரண்டு பகுதிக்கும் ஒரே அளவு அறை ஒதுக்கியிருந்தால் அது சமம் ஆகாது, பெண்களுக்குக் கூடுதலாக வேண்டும். பார்க்கிங்குக்கும் ஒரு வரிக் கணக்கு: வண்டி திரும்பும் வழியையும் சேர்த்தால் ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர். 100 கார் என்றால் அரை ஏக்கருக்கும் மேல்.

தோட்டத்துக்கு வருவோம். திறந்தவெளியில் சூடும் முழக்கமும் பெரிய பிரச்சினை இல்லை, வெளியேறும் வழிக்கும் பஞ்சமில்லை. நான் மேலே சொன்னவற்றில் பாதி அங்கே தாமாகவே தீர்ந்துவிடும். மீதிப் பாதி வானத்தைப் பொறுத்தது. மழை வந்தால் எங்கே போவோம் என்பதற்கு முழுமையான பதில் உள்ள தோட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முழுமையான பதில் என்றால், 350 பேரும் மேசையில் உட்காரக்கூடிய கூரையுள்ள இடம், அதே நாளில் வேறு யாருக்கும் கொடுக்கப்படாமல், உங்கள் பெயரில் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். தாழ்வாரத்தில் ஒதுங்கி நிற்கலாம் என்பது பதில் ஆகாது. உள்ளே மாற்றுவது என்று எத்தனை மணிக்குள் முடிவெடுக்க வேண்டும், யார் எடுப்பது என்பதும் முன்கூட்டியே தெரிய வேண்டும். சடங்கு நேரத்துக்கு ஒரு மணி முன்பு மணமக்களிடம் வந்து கேட்கக் கூடாது. கூடாரம் போடுவதாக இருந்தால் மழையைவிடக் காற்றுதான் ஆபத்து. எந்த வேகத்துக்கு மேல் ஆட்களை வெளியேற்றுவார்கள் என்று கூடாரக்காரரிடம் கேளுங்கள்.

தோட்டத்தை நிகழ்ச்சி நேரத்திலேயே போய்ப் பாருங்கள். மாலைச் சடங்கு என்கிறீர்கள், மேடை மேற்குப் பக்கம் இருந்தால் விருந்தினர் எல்லாரும் சாயும் வெயிலுக்கு எதிரே கண் கூசி உட்கார்ந்திருப்பார்கள், படங்களிலும் முகம் தெரியாது. வெப்பமண்டல நாடுகளில் கதிரவன் மறைந்தபின் அரை மணிக்குள் இருட்டிவிடும். புல்தரையிலிருந்து பார்க்கிங் வரை விளக்கு இருக்கிறதா என்று அப்போது தெரியும். மழை பெய்த மறுநாள் ஒருமுறை போனால் தரை எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கிறது, சக்கர நாற்காலி உருளுமா என்பதும் தெரிந்துவிடும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஓசை 6 டெசிபல் குறையும். முன்வரிசைக்குக் காது அடைக்கும், பின்வரிசைக்குச் சொல் விளங்காது. பெரிய ஒலிபெருக்கி இரண்டைவிடச் சிறியவை ஆறு, பரவலாக வைப்பது நல்லது. இரவு எத்தனை மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற உள்ளூர் விதியையும் விசாரித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆட்டம் அந்த நேரத்துக்குப் பிறகுதான் தொடங்குவதாக இருந்தால் தோட்டம் உங்களுக்கு ஒத்துவராது.

சட்டப்படியான பதிவும் அதே இடத்தில் நடக்க வேண்டும் என்றால் அந்த நாட்டு விதியைப் பாருங்கள். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் சமயச் சார்பற்ற திருமணத்தைப் பதிவு அலுவலகத்திலோ அல்லது ஒப்புதல் பெற்ற இடத்திலோதான் நடத்தலாம். இந்த ஒப்புதல் முறை 1995-இல்தான் வந்தது. அத்தகைய இடத்தின் தோட்டத்தில் நடத்த 2021 ஜூலையிலிருந்துதான் வழி உண்டானது. ஆஸ்திரேலியாவில் நடத்திவைப்பவருக்குத்தான் அனுமதி தேவை, இடம் எதுவாகவும் இருக்கலாம். வெளிநாட்டில் நடத்த நினைப்பவர்கள் இதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

மூன்றில் எது என்று நேராகச் சொல்ல வேண்டுமானால் இப்படிச் சொல்வேன். மாளிகையின் மாடிக்கு ஒரே படிக்கட்டு இருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும், 350 பேருக்கு அதை எடுக்காதீர்கள். நெருங்கியவர்கள் 40 பேர் மட்டும் கூடும் சிறிய நிகழ்ச்சி ஏதாவது இருந்தால், அதுவும் தளத்தின் சான்றையும் வெளியேறும் வழிகளையும் பார்த்துத் திருப்தியான பிறகு, அதற்கு வைத்துக்கொள்ளலாம். தோட்டத்துக்குப் பக்கத்தில் 5,250 சதுர அடிக்குக் குறையாத கூரையுள்ள இடம் உங்கள் பெயரில் கிடைக்குமானால் என் தேர்வு தோட்டம். கிடைக்காது என்றால் குளிரூட்டிய அரங்கு. ஆனால் அளந்து பார்த்து, 350 பேரும் ஒரே நேரத்தில் உட்கார முடியாது என்று தெரிந்தால், விருந்தை இரண்டு சுற்றாகப் பிரியுங்கள், அல்லது அழைப்பைக் குறையுங்கள், அல்லது வேறு இடம் தேடுங்கள். அரங்குக்காரர் "சமாளித்துவிடலாம்" என்று சொல்வதை நம்பி மட்டும் போகாதீர்கள். முடிவெடுப்பதற்கு முன் அங்கே இதே அளவுக் கூட்டத்தோடு வேறொரு நிகழ்ச்சி நடக்கும் நாளில், நடத்துபவர்களின் அனுமதி பெற்று, பத்து நிமிடம் ஓரமாக நின்று பாருங்கள். நான் எழுதிய கணக்குகளில் பெரும்பாலானவற்றை உங்கள் உடலே அந்தப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடும்.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை சில. வாடகை நேரம் எப்போது தொடங்குகிறது? அலங்காரமும் சமையல் குழுவும் உள்ளே வரும் நேரமும், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெளியேறும் நேரமும் அந்த வாடகைக்குள் அடக்கமா? கூடுதல் மணிக்கு எவ்வளவு? முந்தைய நாள் இரவு அங்கே வேறு நிகழ்ச்சி இருந்தால் உங்கள் ஆட்கள் எப்போது உள்ளே வர முடியும்? பக்கத்துக் கூடத்தை அதே நாளில் வேறொருவருக்குக் கொடுப்பார்களா? வெளி ஆட்களைக் கொண்டுவந்தால் தனிக் கட்டணமா, வைப்புத்தொகையில் எதற்கெல்லாம் பிடிப்பார்கள், குறைந்தது இத்தனை பேருக்குச் சாப்பாட்டுக் கட்டணம் என்று உறுதி கேட்கிறார்களா? நாம் ரத்து செய்தால் என்ன, தள்ளிவைத்தால் என்ன என்று தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். அவர்களால் நடத்த முடியாமல் போனால் முழுப் பணமும் திரும்புமா, எத்தனை நாளில் என்பதும் இருக்க வேண்டும். 2020-இல் உலகம் முழுவதும் திருமணங்கள் தள்ளிப்போனபோது, இந்தக் கடைசி வரி ஒப்பந்தத்தில் இல்லாதவர்கள்தான் முன்பணத்துக்காக மாதக்கணக்கில் அலைந்தார்கள். வாய்ச்சொல்லாகச் சொன்ன எதையும், "ஜெனரேட்டரில் ஏசி ஓடும்" என்பது உட்பட, ரசீதின் பின்புறமாவது எழுதி ஒப்பமிடச் சொல்லுங்கள். நிகழ்ச்சி நாளில் முழுநேரமும் அங்கே இருக்கப்போகும் பொறுப்பாளரின் பெயரையும் எண்ணையும் அதே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்களிடம் பேசி முன்பணம் வாங்கியவரும் அன்று அங்கே நிற்பவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள்.